கேள்வி நேரம்: தோப்பு போனது, மனமும் சோர்ந்தது

கேள்வி: வேர்வாடல் நோயால் பாதித் தென்னைகளை வெட்டிய பிறகு தம்பி தோட்டத்துப் பக்கமே போவதில்லை. தூக்கமில்லை, பேச்சில்லை. தைரியம் சொல்லியும் பயனில்லை. டாக்டரிடம் வரவும் மறுக்கிறான். ஊர்க்காரர் யாராவது உதவ முடியுமா?
- வாசகர், ஆனைமலை

பதில்: முறையான பயிற்சி பெற்றவரால் முடியும். கோவாவில் சங்கத் என்ற தொண்டு நிறுவனம், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கு இதற்கெனப் பயிற்சி தந்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள், இவர்களிடம் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதம். மற்றவர்களில் 39 சதம்.

இது அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் ஒரு கிளை. 'மனசு தெளிந்தால் வேலைக்குப் போகலாம்' என்று சோர்ந்தவர் காத்திருப்பார். வேலை நின்றால் சோர்வு கூடும். சோர்வு கூடினால் வேலை நிற்கும். இந்தச் சுழலை வேலைப் பக்கமிருந்து உடைக்க வேண்டும். காலையில் மாட்டுக்குத் தீவனம், மாலையில் வரப்பில் கால் மணி நடை என்று சிறியதாக, நேரம் குறித்துத் தொடங்குவார்கள். செய்தபின் மனம் எப்படி இருந்தது என்று குறித்து, வாரா வாரம் சிறிது கூட்டுவார்கள்.

வகுப்போடு பயிற்சி முடிவதில்லை. ஆலோசனைப் பதிவுகளைக் கேட்டு ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள். வயல்வெளிப் பள்ளியில் பட்டம் இல்லாத விவசாயி நன்மை செய்யும் பூச்சியைப் பிரித்தறியப் பழகுவது போலத்தான். தன் கைக்கு மீறியதை டாக்டரிடம் அனுப்பத் தெரிவதும் அதில் ஒரு பாடம்.

அப்படிப்பட்டவர் ஊரில் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். 14416 (டெலி மானஸ்) எண்ணுக்கு வீட்டாரே பேசலாம். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தம்பியுடன் தினம் ஒரு சிறு வேலைக்குக் கூடப் போங்கள். செய்யாத நாளில் குறை சொல்லாதீர்கள்.

'இருந்து என்ன பயன்' என்று பேசினால், சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருந்தால் தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பூச்சிமருந்துகளை இன்றே வீட்டைவிட்டு அகற்றி, வேறிடத்தில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மறுநடவு பற்றிப் பிறகு எழுதிக் கேட்கலாம். முதலில் தம்பி.