துருப்பிடித்த அபாயச் சங்குகள்

ஆபத்தை அறிவிப்பதற்கென்று சர்க்கார் நிறுவிய சங்கு, ஆபத்து நேரும் நாளில் ஊமையாகிவிடுமானால், அது இல்லாதிருப்பதைக் காட்டிலும் தீமையே பெரிது. சங்கில்லாத ஊரில் ஜனங்கள் விழித்திருப்பார்கள். சங்குள்ள ஊரில் அதை நம்பித் தூங்குவார்கள். 2025 மே 7-ஆம் தேதி, 244 சிவில் பாதுகாப்பு ஜில்லாக்களைக் குறித்து மத்திய சர்க்கார் ஒத்திகைக்கு உத்தரவிட்டபோது, சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் அது நடைபெற்றது. தேசத்தின் பல நகரங்களில் பழைய சங்குகள் பழுதுற்றுக் கிடந்ததாக அப்போது செய்திகள் வந்தன. இதில் வியப்பில்லை. 1971-ஆம் வருஷத்து யுத்தத்துக்குப் பின் இவ்வளவு விரிவான ஒத்திகை நடந்ததில்லை. அரை நூற்றாண்டு காலம் வாய் திறவாத யந்திரம் ஒரே நாளில் பேச வேண்டுமென்றால் எப்படிப் பேசும்?

சங்கின் அமைப்பு எளியது. மோட்டாரால் சுழலும் சக்கரம் ஒன்று. அதைச் சூழ்ந்து துவாரங்களுள்ள உறை ஒன்று. சக்கரம் காற்றை இழுத்துத் துண்டு துண்டாக வெட்டி வெளியே தள்ளும்போது ஓலம் பிறக்கிறது. இதனைக் கட்டடத்தின் உச்சியில் வெயிலிலும் மழையிலும் நிறுத்திவிட்டு மறந்துவிட்டால், பேரிங்குகளில் கிரீஸ் இறுகுகிறது, இரும்பு துருவேறுகிறது, செம்புக் கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு படர்கிறது, குழலினுள் பறவைகள் கூடு கட்டுகின்றன. கடலோரத்தில் உப்புக் காற்று இந்நாசத்தை இன்னும் துரிதமாகச் செய்கிறது. மாதம் ஒருமுறை ஊதிப் பார்த்தால் குறை அன்றே வெளிப்படும். ஆகவே, சங்கைக் கொல்வது துரு மட்டுமன்று. அதைக் கேட்பாரற்று விட்ட அலட்சியமே முதற் குற்றவாளி.

இதற்கு ஜெர்மனியின் அனுபவமே போதிய சாட்சி. வல்லரசுகளின் பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியில் சுமார் 80,000 சங்குகள் இருந்தன. பனிப்போர் முடிந்ததும், 1990-களில் மத்திய சர்க்கார் அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பைக் கைவிட்டது. வேண்டிய ஊராட்சிகள் எடுத்துக் கொண்டன. செலவுக்கு அஞ்சியவை கழற்றி எறிந்தன. 2020 செப்டம்பர் 10-ஆம் தேதி தேசம் முழுவதும் எச்சரிக்கை ஒத்திகை நடத்திய போது பல ஊர்களில் சங்கொலியே எழவில்லை. கைப்பேசிச் செய்திகளும் காலந்தாழ்த்தி வந்தன. ஒத்திகை தோல்வியுற்றதென்று உள்துறை மந்திரிகாரியாலயமே ஒப்புக் கொண்டது. பத்தே மாதங்களில், 2021 ஜூலை 14-ஆம் தேதி இரவு, ஆர் நதிப் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. அப்பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் மாண்டனர். சங்குகள் ஒலித்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் வாதாட வரவில்லை. எச்சரிக்கை விடுப்பதிலேயே அங்கு தாமதமும் குழப்பமும் இருந்தன. ஆனால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுபட்ட அவ்விரவில், தூங்குகிறவனை எழுப்ப வேறு குரல் எது இருந்தது என்பதே கேள்வி.

கைப்பேசி இருக்கையில் சங்கு எதற்கு என்பாருக்கு ஜெர்மனியே விடை தந்துவிட்டது. வெள்ளத்துக்குப் பின் அந்நாடு 2023 பிப்ரவரியில் கைப்பேசிகளுக்கெல்லாம் ஏககாலத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கியது. சங்குகளை மீண்டும் நிறுவவும் பணம் ஒதுக்கியது. ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும் என்பதே அதன் நியாயம்.

யந்திரம் பழுதறுவதோடு காரியம் முடிந்துவிடவில்லை. 2023 ஆகஸ்டு 8-ஆம் தேதி ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த லஹைனா நகரம் தீக்கிரையாகி, 102 பேர் மடிந்தனர். அங்கே சங்குகள் இருந்தும் ஊதப்படவில்லை. சங்கொலியைக் கேட்டால் ஜனங்கள் கடல்கோள் என்றெண்ணி மேட்டை நோக்கி, நெருப்பினுள்ளேயே ஓடியிருப்பார்கள் என்று அதிகாரிகள் சமாதானம் கூறினர். சங்கொலியும் ஒரு பாஷை. அதன் பொருளை ஜனங்களுக்குக் கற்பிக்காத சர்க்கார், பேசத் தெரிந்தும் ஊமையே.

நம் தேசத்தில் 1968-ஆம் வருஷத்திலேயே சிவில் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கூரை மேலிருக்கும் சங்குக்கு எண்ணெய் போட வேண்டியவர் யார் என்று கேட்டால், ஒரு காரியாலயம் மற்றொன்றைக் கை காட்டும். எல்லோருடைய பொறுப்பும் என்பது எவருடைய பொறுப்புமன்று. எனவே நாம் கோருவது இதுதான்: ஒவ்வொரு சங்குக்கும் பொறுப்பாளி இன்னாரென்று எழுத்து மூலம் நியமிக்கப்பட வேண்டும், பராமரிப்புக்கு வருஷந்தோறும் தனித் தொகை ஒதுக்க வேண்டும், மின்சாரம் நின்றாலும் ஊதுவதற்கு பாட்டரி வேண்டும், பிரான்ஸ் தேசத்தில் மாதத்தின் முதல் புதன்கிழமை ஊதுவது போல், குறித்த நாளில் ஊதிப் பார்த்து, ஊதாதவை எவை என்பதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து, ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கிற்று என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிய வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. நம் நகரங்கள் பலவற்றில் நகரசபைச் சங்கு தினந்தோறும் ஊதி மணியை அறிவித்து வந்தது. ஒரு நாள் அது ஊதாவிட்டால் ஊரே ஏனென்று கேட்கும். அந்தக் கேள்விதான் அதைத் துருப்பிடியாமல் காத்தது. இன்று உங்கள் ஊர்ச் சங்கு கடைசியாக எப்போது ஊதிற்று என்று நகரசபை அங்கத்தினரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், தெரிந்து சொல்லும்வரை விடாதீர்கள்.