எமது தாய்மார் நடக்கட்டும்

இடம்பெயர்ந்தபோது இழந்தவற்றைக் கணக்கெடுக்க வரும் படிவங்களில் வீடு, காணி, கிணறு, நீரிறைக்கும் இயந்திரம், மாடு, பயன்தரு மரங்கள் என்று கேட்பார்கள். நாமும் அத்தகைய படிவங்கள் பலவற்றை மக்களோடு இருந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். எந்தப் படிவத்திலும் இடம்பெறாத இழப்பு ஒன்றைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறோம். எமது மூத்த பெண்களின் நடையே அது.

தோட்டம் துரவோடு வாழ்ந்த காலத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய தாய்மார் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று யாரும் அளந்ததில்லை. விடியற்காலையில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனார்கள். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறினார்கள். மதியம் வயலுக்குச் சோறு கொண்டுபோனார்கள். கடகத்தைத் தலையில் வைத்துச் சந்தைக்கும் போய்வந்தார்கள். 1990இலும் 1995இலும் பின்னர் 2009இலும் ஊரை விட்டு எழும்பியபோது இந்த நடை அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோயிற்று. நலன்புரி நிலையத்தின் சிறு கொட்டிலுக்குள் நடப்பதற்கு என்ன இருந்தது? உணவோ நிவாரணமாக வந்த அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். குரக்கனும் கீரையும் தோட்டத்து மரக்கறியும் தட்டிலிருந்து மறைந்தன.

மீளக்குடியேறிய பின்னரும் பழைய நடை பலரிடம் திரும்பவில்லை. மகன் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போகிறான். தாய் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, சீனி போட்ட தேநீரோடு இருக்கிறார். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் பிறர் காணியில் இருப்போரின் நிலை இதனிலும் இறுக்கமானது.

விளைவு இரத்தத்தில் தெரிகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்ணின் உடம்பில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரத் தொடங்கும். இரத்தத்தில் கெட்ட கொலஸ்திரோலும் உயரும். தென்னாசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே அவதானம் வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. தையற்காரரின் நாடாவில் அது ஏறத்தாழ முப்பத்தொன்றரை அங்குலம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனியின் அளவு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் அது நீரிழிவு.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாகக் கண்டது. நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதை அறியாமலே இருந்தனர். யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த எமது தாய்மார் அந்தக் கணக்கில் இல்லை.

இனி, நடை என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாப்பாட்டிலிருந்து வரும் சீனி இரத்தத்தில் ஓடுகிறது. அது தசைக்குள் போவதற்கு இன்சுலின் என்ற திறப்பு வேண்டும். உடல் பருத்தவர்களுக்குத் திறப்பு இருக்கும், பூட்டோ துருப்பிடித்துவிடும். சீனி வெளியில் தேங்கும். நடக்கும்போது கால்களின் பெரிய தசைகள் இந்தத் திறப்புக்குக் காத்திராமல் தாமாகவே வேறொரு வாசலைத் திறந்து சீனியை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நடந்து முடித்த பின்னரும் ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள்வரை பூட்டு இலகுவாகத் திறபடும். அதன்பின் பழைய நிலைதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மைல் நடந்துவிட்டு மற்ற நாட்களில் இருந்துவிடுவதில் பலன் குறைவு. இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

டிரைகிளிசரைட் என்ற கொழுப்பையும் வேலை செய்த தசை இரத்தத்திலிருந்து எடுத்து எரிக்கும். மறுநாட் காலையில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையிலேயே இது தெரியக்கூடும். நல்ல கொலஸ்திரோல் சிலரில் சற்று உயரும். கெட்ட கொலஸ்திரோலை மட்டும் நடை தனியே பெரிதாகக் குறைப்பதில்லை. அதற்கு உணவும், வேண்டியவர்களுக்கு மாத்திரையும் தேவை. நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று கிளினிக் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

"இரண்டு மாதம் நடந்தேன், ஒரு கிலோவும் குறையவில்லை" என்று சலித்துக் கைவிடுகிறவர்கள் பலர். தராசை வைத்து நடையை அளப்பதுதான் இங்கு பிழை. சென்னையில் நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. நடையையும் உணவு ஒழுங்கையும் கைக்கொண்டவர்களில் நீரிழிவு வரும் அபாயம் 28.5 வீதம் குறைந்தது. அவர்களது எடையோ குறையவில்லை. அதில் பங்குபற்றியோரில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் சொல்லவேண்டும். பெண்களைப் பற்றி 2007இல் அமெரிக்காவிலிருந்து ஒரு முடிவு வந்தது. மாதவிடாய் நின்ற, உடல் பருத்த 464 பெண்கள் ஆறு மாதம் நடை இயந்திரத்திலும் மிதி சைக்கிளிலும் பயிற்சி செய்தார்கள். பொதுவாகச் சொல்லப்படும் அளவில் பாதியை மட்டும் செய்தவர்களுக்குக்கூட மூச்சும் இருதயமும் வலுப்பெற்றன. எடையில் பெரிய வித்தியாசமில்லை. இடுப்புச் சுற்றளவோ குறைந்தது. சட்டையின் இறுக்கம் குறைந்தால் அதையே நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.

வாரத்தில் 150 நிமிடம், அதாவது ஐந்து நாட்கள் அரை மணித்தியாலம் போதும். கதைத்துக்கொண்டு நடக்கக்கூடியதாகவும் பாட்டுப் பாட முடியாததாகவும் வேகம் இருக்கவேண்டும். ஒரேயடியாக நடக்க இயலாதவர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கால் மணித்தியாலம் நடக்கலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களை வைத்து 2013இல் வெளியான சிறிய ஆய்வொன்று, இவ்வாறு பகுத்து நடப்பது, சிறப்பாக இராச்சாப்பாட்டுக்குப் பின் நடப்பது, ஏறும் சீனியைத் தணிப்பதாகக் காட்டியது. புட்டும் இடியப்பமும் சாப்பிட்டுவிட்டு உடனே பாயை விரிக்கும் எமது வழக்கத்துக்கு இது பொருந்திய மருந்து.

"நாள் முழுக்க வீட்டில் வேலைதானே செய்கிறோம், இனி நடை எதற்கு?" என்று தாய்மார் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. எனினும் அடுப்படிக்கும் முற்றத்துக்குமிடையே பத்து அடி போய் நிற்பதும் குனிவதும், மூச்சுச் சற்று வாங்கும்படி தொடர்ந்து நடப்பதற்கு ஈடாகாது. களைப்பு வரும், சீனி இறங்காது.

"நடவுங்கோ அம்மா" என்று கிளினிக்கில் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார்கள். எங்கே நடப்பது, எப்போது நடப்பது, அந்த நேரத்தில் பேரப்பிள்ளையை யார் பார்ப்பது என்று எவரும் கேட்பதில்லை. எம் கருத்தில், நடப்பதற்கான நேரத்தைக் கொடுக்கவேண்டியது குடும்பமே. பின்னேரம் அரை மணித்தியாலம் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கவும் அடுப்பைப் பார்க்கவும் மகனாலும் மருமகனாலும் முடியும். ஒழுங்கையில் நடக்கும் பெண்ணைக் கண்டு "வேலையில்லாமல் உலாத்துறா" என்று மதிலுக்கு மேலால் சிரிக்கும் பழக்கமும் ஒழியவேண்டும். அதே ஒழுங்கையில் ஆண்கள் மணிக்கணக்கில் நின்று அரசியல் பேசுவதை யாரும் உலாத்தல் என்று சொல்வதில்லை!

சில அவதானங்கள். இன்சுலின் ஏற்றுவோரும் சில வகைச் சீனி மாத்திரை எடுப்போரும் நடக்கையில் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே சாப்பிட, சேலைத் தலைப்பில் ஒரு பிடி சீனியோ நாலு இனிப்போ முடிந்துகொண்டு போகவேண்டும். பாதம் விறைத்தவர்கள் வெறுங்காலோடு சுடுமணலில் போகக்கூடாது. வீடு வந்ததும் பாதத்தைப் பார்க்கவேண்டும். நெஞ்சு இறுகினால் உடனே நின்று, தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத காணிக்குள் எக்காரணம் கொண்டும் கால் வைக்கக்கூடாது.

மாதர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டங்கள் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் நடக்கின்றன. சொன்ன நேரத்துக்கு எல்லோரும் வந்து சேர்வதற்குள் அரை மணித்தியாலம் போய்விடுகிறது. முதலில் வந்தவர்கள் கதிரையில் இருந்து காத்திராமல், பிந்துகிறவர்களின் வீட்டுப் படலைவரை கூட்டமாக நடந்து போய் அவர்களை அழைத்து வரலாம். சங்கத்தில் ஓர் அளவு நாடா வாங்கி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடுப்பளவைக் கொப்பியில் பதிந்துகொள்ளலாம். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.