கல்லு மோதலை, கணக்கு தப்பலை

2007 நவம்பர் 20-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் இயங்கும் கேட்டலினா வான் ஆய்வுக் குழு சுமார் 50 மீட்டர் அளவுள்ள விண்கல் ஒன்றைக் கண்டுபிடித்தது. 2007 டபிள்யூ.டி.5 என்று பெயர். 2008 ஜனவரி 30-ல் அது செவ்வாயில் மோதலாம், 75-ல் ஒரு வாய்ப்பு என்றது நாசா. பழைய படங்களில் அதே கல்லைத் தேடிப் பிடித்ததும் வாய்ப்பு 25-ல் ஒன்றானது. ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் பத்தாயிரத்தில் ஒன்று! கல் மோதவில்லை.

"பார்த்தியா, நாசாவே உளறிடுச்சு" என்பார்கள் சிலர். நான் ஒத்துக்க மாட்டேன். கல் பாதை மாறவே இல்லை, மாறினது அளவின் துல்லியம்தான். சில இரவுகளில் எடுத்த ரீடிங்கில் உள்ள துளிப் பிழை, இரண்டு மாதத்தில் பல லட்சம் கிலோமீட்டராக நீளும். அந்த நீளத்துக்குள் கல் எங்கேயும் இருக்கலாம். ரீடிங் சேரச் சேர நீளம் சுருங்கும். செவ்வாய் உள்ளேயே இருக்கும்வரை அதன் பங்கு ஏறும், வெளியே போனதும் சட்டென்று விழும். ஏறினதும் சரி, இறங்கினதும் சரி.

இன்னொண்ணு. அந்த விஞ்ஞானிகளில் பலருக்கு மோதணும்னுதான் ஆசை! செவ்வாயைச் சுற்றிய விண்கலங்கள் புதுப் பள்ளத்தைப் படம் எடுத்திருக்குமே! ஆனாலும் ரீடிங் சொன்னதைத்தான் வெளியிட்டார்கள். விடையை முதலில் எழுதி, அதுக்கு ஏத்தமாதிரி ரீடிங்கை நிரப்பும் நம்ம லேப் ரெக்கார்டு வீரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.