ஆய்வு மேசையில் காலணி தைப்பவரும் வேண்டும்

'ஆராய்ச்சி' என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பத்தார் முகத்தில் அச்சம் படர்வதைப் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறேன். "எங்களை வைத்துச் சோதித்துப் பார்க்கப் போகிறீர்களா, டாக்டர்?" என்று சிலர் நேரடியாகவே கேட்டுவிடுகின்றனர். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக வேலூரில் நடந்த ஒன்றைச் சொல்லவே விரும்புகிறேன்.

அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் மருத்துவர்களிலும் பலர் நம்பினர். நோயாளிகளின் அன்றாடச் செயல்களைக் கூர்ந்து கவனித்த பின்னரே உண்மை புலப்பட்டது. நரம்பு பழுதுபட்டு வலியுணர்வு மறைந்துவிடுவதால், சூடும் காயமும் தெரியாமற் போய்ச் சேதம் பெருகுகிறது. உறக்கத்தில் எலி கடித்தது தெரியாமல் விரலை இழந்தோரும் இருந்தனர். பூனை வளர்ப்பதும் அங்கே சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று!

மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தசைநாண் மாற்று அறுவை செய்யப்பட்டது. அதன்பின் கைக்குப் பயிற்சியளிக்க இயன்முறையாளர்கள் வேண்டியிருந்தனர். உணர்விழந்த பாதத்தைக் காக்கக் காலணி தைப்போர் வேண்டியிருந்தனர். மென்மையான நுண்துளை ரப்பரால் ஆன 'எம்.சி.ஆர்.' செருப்பு அத்தகைய கூட்டு முயற்சிகளின் வழியே பரவியது. நீரிழிவால் பாதம் மரத்துப்போன உங்களில் சிலர் இன்று அணிந்திருப்பதும் அதுதான்.

ஆகவே, பாதப் புண் குறித்த ஆய்வில் மருத்துவர்கள் மட்டும் கூடிப் பேசுவது போதாது என்பது என் உறுதியான கருத்து. அப்பா ஆடி வெயிலில் வெறுங்காலுடன் கோயில் பிராகாரம் சுற்றுகிறார் என்பதை எந்த இரத்தப் பரிசோதனையும் எங்களுக்குச் சொல்லாது. நாள்தோறும் அவர் புண்ணுக்குக் கட்டுப்போடும் மகளுக்கோ மருமகளுக்கோதான் அது தெரியும். அவர்களுக்கும் அம்மேசையில் இடம் வேண்டும்.

ஒப்புதல் படிவத்தை அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள், விளங்காததைக் கேளுங்கள். மறுத்தாலும், இடையில் விலகினாலும் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. அது உங்கள் உரிமை.

இன்னொன்று. அடுத்த முறை வரும்போது, மருத்துவமனைக்கென்று புதுச் செருப்பு அணிந்து வராமல், வழக்கமாக நடக்கும் பழைய செருப்பையே அணிந்து வாருங்கள். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்பதை நாங்கள் பார்க்க வேண்டும்.