நெய்தல் திணையும் பழைய பைபர் படகும்

நம் சிற்றிதழ்ச் சூழலில் கடல் என்றால் கட்டுமரம். கட்டுமரம் என்றால் கண்ணீர். நெய்தல் குறித்த கருத்தரங்குகளில் படிக்கப்படும் கட்டுரைகளைப் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகிறேன். திமில், அம்பி, பஃறி எனச் சங்கச் சொற்களை அடுக்குவார்கள். பிறகு ஒரே தாவலாக இருபதாம் நூற்றாண்டுக்கு வந்து, எந்திரம் நுழைந்தது, நெய்தல் அழிந்தது என்று முடிப்பார்கள். கைதட்டல். தேநீர் இடைவேளை. பிறர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு படகுக்கு உடைமையாளர் ஆவது எவ்வாறு என்று இக்கட்டுரையாளர்களுள் எவரேனும் கேட்டதுண்டா?

எந்திரம் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் இருவேறு உலகங்களை இவர்கள் திணிக்கிறார்கள். கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடி விசைப்படகு ஓர் உலகம். அமரத்தில் 9.9 குதிரைத்திறன் எஞ்சினை மாட்டிக்கொண்டு நான்கைந்து பேர் போகும் பைபர் வள்ளம் மற்றோர் உலகம். முன்னது பெருமுதலின் பிள்ளை. பின்னது கடன்காரனின் பிள்ளை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) வல்லத்துக்கும் லாஞ்சிக்கும் நிகழ்ந்த மோதலைப் பதிவு செய்தது. அதைப் படித்துவிட்டு எல்லா எஞ்சினும் லாஞ்சியே என்று முடிவுகட்டியது நம் வாசிப்பின் சோம்பல். அன்று லாஞ்சியை எதிர்த்து நின்ற சிறு மீனவரின் பிள்ளைகள்தாம் இன்று எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார்கள்.

கட்டுமரம் ஏன் பின்வாங்கியது? கட்டுவதற்கேற்ற மென்மரம் அரிதாயிற்று, விலை ஏறிற்று. அதில் நனையாமல் உட்கார ஓரிடம் கிடையாது. கரையோர மீன் குறைந்தபோது தொலைவுக்குப் போக வேண்டியதாயிற்று. குமரி மாவட்டம் முட்டத்தில் 1980களில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டப்பட்ட வரலாற்றைப் பியர் ஜில்லே என்னும் பெல்ஜியப் பாதிரியார் 1985இல் ஆங்கிலத்தில் நூலாகவே எழுதினார். நாம் எழுதவில்லை. அடுத்து பைபர் வந்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் பைபர் படகுகளை வாரி வழங்கின. நாகை போன்ற இடங்களில் இழந்தவற்றைவிட மிகுதியாகப் படகுகள் வந்து சேர்ந்தன. அவசரத்தில் வார்க்கப்பட்ட பலவற்றின் தரம் கேள்விக்குள்ளானது. குழுவுக்கெனத் தரப்பட்டவை காலப்போக்கில் தனியாள் கைக்கு மாறின. பழைய படகுச் சந்தை இப்படித்தான் பெருத்தது.

புதுப் படகு, எஞ்சின், வலை மூன்றுக்கும் சேர்த்துப் பல இலட்சம் வேண்டும். ஆகவே முதன்முறை வாங்குபவர் பழையதைத்தான் பார்ப்பார். மனைவியின் நகை அடகில், மகளிர் குழுக் கடன் தலைமேல். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. சந்தையில் மாடு பிடிக்கையில் பல்லைப் பார்க்கச் சொல்லித்தந்த மரபு நம்முடையது. படகில் எந்தப் பல்லைப் பார்ப்பது?

புதுவண்ணம் பூசிய படகென்றால் முதலில் ஐயம் கொள்ள வேண்டும். ஒட்டுப்போட்ட இடங்களை வண்ணம் மறைத்துவிடும். ஒரு நாணயத்தால் உடலெங்கும் தட்டிப் பார்த்தால் கெட்டியான இடம் கணீரென்னும். அடுக்குகள் பிரிந்த இடமும் நீர் கோத்த இடமும் மந்தமாக ஒலிக்கும். எஞ்சின் மாட்டும் பின்பலகைதான் உயிர்நிலை. பைபருக்குள் பொதிந்த மரம் அங்கே நீரேறி உளுத்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சினைச் சாய்த்து உயர்த்தி அதன் கீழ்க்காலைப் பிடித்து அழுத்தினால், உளுத்த பலகை வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே அதை ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் கிளம்பாத எஞ்சினை மறைக்கும் பழைய உத்தி இது. ஓடும்போது குளிர்விக்கும் நீர் சீராகப் பீய்ச்சி வரவேண்டும். விட்டுவிட்டு வந்தால் உள்வழிகளில் உப்பு அடைத்திருக்கலாம். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினென்றால் கரிப்படிவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இவற்றுள் ஒன்றைத் தவறவிட்டவர் அதை அறிவது கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில். 2017 ஒக்கிப் புயலைப் பற்றி இரங்கற்கவிதை எழுதியவர்களுக்கு, காற்று மாறும் வேளையில் கிளம்ப மறுக்கும் எஞ்சின் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை எனக் கருதுகிறேன்.

படகு நல்லதாயினும் தாள் கெட்டிருக்கலாம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. மீன்துறை அலுவலகத்தில் பதிவுச் சான்று பெயர்மாற்றம் ஆகாதவரை மானிய எரிபொருள் பழைய உடைமையாளர் பெயரிலேயே நிற்கும். தாளில் இல்லாத கட்டு ஒன்றும் உண்டு: வியாபாரி கொடுத்த முன்பணம். முன்பணம் வாங்கிய படகின் மீனை அவர் சொல்லும் ஏலத்தில்தான் விற்கவேண்டும். இதைக் கேட்காமல் வாங்குபவர் படகோடு ஓர் எசமானையும் சேர்த்தே வாங்குகிறார்.

இவ்வளவும் கரையில் வாய்மொழியாக இருக்கிறது. என் வகுப்புக்கு வரும் கடற்கரை மாணவர்கள் பலருக்கும் இதில் பாதி தெரியும். நம் தமிழ்த் துறைகள் மீனவர் பாடலைத் தொகுத்தன, பழமொழியைத் தொகுத்தன, நம்பிக்கைகளைத் தொகுத்தன. இதைத் தொகுக்கவில்லை. 'இது இலக்கியமா?' என்பார்கள். பட்டினப்பாலைப் புலவர் உப்பு விற்று நெல்லோடு திரும்பிய படகுகளைப் பார்த்தார். சரக்கு எது, மாற்று எது என்று அறிந்த பின்னரே அவற்றை இலாயத்துக் குதிரைகளுக்கு ஒப்பிட்டார். (இன்று படகுக்குப் பின்னால் குதிரைத்திறன் என்றே எழுதி விற்கிறார்கள்; உவமை தேடும் வேலைகூட மிச்சம்.) அவருக்குக் கூச்சம் தராத வணிகம் நமக்கு ஏன் கூசுகிறது? அணியம், அமரம் என்னும் சொற்களை அகராதியில் கண்டு சிலிர்க்கிறோம். அவற்றை இன்றும் வாயில் வைத்திருப்பவர் ஏமாற்றப்படுகையில் நம்மிடம் சொல் இல்லை.

நெய்தல் கருத்தரங்கு நடத்தவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு மீனவரை மேடையேற்றி ஏலேலோ பாடச் சொல்லாதீர்கள். பழைய படகு வாங்கி ஏமாந்தவர் ஒருவரையும் வாங்கித் தேறியவர் ஒருவரையும் அழைத்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். வழிச்செலவையும் ஒருநாள் பங்கையும் மறவாமல் கொடுத்தனுப்புங்கள். அன்றைக்கு அவர்கள் கடலுக்குப் போயிருக்க மாட்டார்கள்.