இரட்டைப்படை ஆண்டில் பிறந்த பிள்ளைகள்

17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக்கோப்பையை 2008இல்தான் ஃபிஃபா தொடங்கியது. நியூசிலாந்தில் 16 அணிகள் ஆடின. வட கொரியா கோப்பையை வென்றது. பையன்களுக்கோ, 16 வயதுக்குட்பட்டோர் போட்டியாக, 1985இலேயே சீனாவில் இது வந்துவிட்டது.

தாமதமாக வந்த போட்டியிலும் ஒரு கணக்குக் கோளாறு இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் இரட்டைப்படை ஆண்டுகளில் நடந்ததால், 2005இல் பிறந்தவள் 2022இல் முழுப் பதினேழில் ஆடினாள். 2006இல் பிறந்தவள் பதினாறில் ஆட வேண்டும். இல்லையேல் 2024இல் வயது தாண்டிவிடும். அந்தப் பருவத்தில் ஓராண்டு என்றால் ஓட்டத்திலும் உடம்பிலும் எவ்வளவு வித்தியாசம் என்பது மைதானத்தில் நிற்கும் நமக்குத் தெரியும். 2025 முதல் மொராக்கோவில் ஆண்டுதோறும், 24 அணிகளோடு நடத்துவது என்று ஃபிஃபா மாற்றியது. 2029 வரை அங்கேதான். இனி எந்த ஆண்டில் பிறந்தவளுக்கும் ஒரு முழு வாய்ப்பு உண்டு.

வாய்ப்பு மட்டும் போதாது என்பதை 2022 காட்டியது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு நேரடி இடம். புவனேஸ்வரத்தில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பத்து வயதிலிருந்து ஆடியிருக்க வேண்டிய மேட்ச்சுகளைச் சில மாதப் பயிற்சி முகாமில் ஈடுகட்ட முடியுமா? அணியில் 6 பேர் ஜார்க்கண்ட் பிள்ளைகள். கேப்டன் அஸ்தம் ஓராவோன் கும்லா மாவட்டத்துக்காரி. ஆட்டுக்கிடாயைப் பரிசாக வைத்து ஊருக்கு ஊர் கால்பந்து நடக்கும் மாநிலம் அது. அகாடமி வருவதற்கு முன்பே அங்கே மேட்ச் இருந்தது.

நம் பக்கம்? 2019இல் இந்தியன் விமன்ஸ் லீக்கை வென்ற சேது எஃப்.சி.யின் வேர் இதே விருதுநகர் மாவட்டத்தில், காரியாபட்டியை அடுத்த கல்லூரியில் இருக்கிறது. ஆனால் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு ஓர் ஆண்டில் எத்தனை மேட்ச் கிடைக்கிறது? பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். குறுவட்டத்தில் முதல் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த ஆண்டுவரை பந்துக்கு வேலையில்லை.

இரண்டு ஊருக்கும் இடையே டவுன் பஸ் தூரம்தான். ஜூலையில் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடிகிற மாதிரி, சனிக்கிழமை காலையில் இங்கொரு வாரம் அங்கொரு வாரம் ஏழு பேர் ஆட்டம் வைக்கலாம். ஆடிப்பூரத் தேர் வாரத்தை மட்டும் விட்டுவிடலாம். கோப்பை வேண்டாம், மேடை வேண்டாம், சிறப்பு விருந்தினர் கட்டாயம் வேண்டாம். தோற்ற அணியும் அடுத்த சனிக்கிழமை ஆட வேண்டும்; அது ஒன்றுதான் விதி. பஸ் காசுக்கும் வாழைப்பழத்துக்கும் ராஜபாளையம் மில்காரர்களைக் கேட்கலாம், மில்லுக்குப் பஞ்சமில்லாத ஊர்.

பதிவேட்டில் வகுப்போடு பிறந்த ஆண்டையும் எழுதுங்கள். 2029 போட்டியில் பதினேழு வயதில் ஆடப்போகிறவர்கள் 2012இல் பிறந்தவர்கள்; அவர்கள் இப்போதே உங்கள் பள்ளியில் இருக்கிறார்கள். அட்டவணை போடப் பொறுப்பேற்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் பள்ளியின் பெயரையும், எந்தச் சனிக்கிழமைகளில் மைதானம் காலியாக இருக்கும் என்பதையும் எழுதி அனுப்பினால், அடுத்த இதழிலேயே அட்டவணையை அச்சிடுகிறோம்.

— ஆசிரியர்