மன உறுதி என்ற சாட்டை

ஆண்டுதோறும் ஜூன் 26 வந்தால் பேரணி, பதாகை, உறுதிமொழி. மேடையில் ஒருவர், “மன உறுதி இருந்தால் போதும், எந்தப் போதையையும் விட்டுவிடலாம்” என்பார். கூட்டம் கைதட்டும். பல ஆண்டுகளாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் மிஞ்சியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஹெராயினிலிருந்தோ, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கத்திலிருந்தோ மீளப் போராடுகிறவனுக்கும் இதே புத்திமதிதான். 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, ஹெராயினும் இத்தகைய வலி மாத்திரைகளும் அடங்கிய ஓபியாய்டு வகை மருந்துகளை நாட்டில் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடி பேர் என்றது. அத்தனை பேருக்குமா உறுதி இல்லாமல் போயிற்று?

“ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் தீர்ந்தது” என்கிறார்கள். ஹெராயினை நிறுத்தினால் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், உடம்பு சிலிர்க்கும், வயிறு போகும், எலும்பெல்லாம் வலிக்கும், தூக்கம் வராது. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பிறகு? மூளையே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபின் செய்யவேண்டிய வேலையை இத்தனை காலமும் வெளியிலிருந்து வந்த மருந்து செய்தது. உடல் வலியோடு அவமானத்தையும் தனிமையையும் துக்கத்தையும் அது மரத்துப்போக வைத்திருந்தது. அது போனதும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சின்னச் சொல்கூடச் சுடும். பழைய அளவைத் தாங்கும் சக்தியோ உடம்பில் இருக்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் போதைமருந்து மிகையாகிச் சாகும் அபாயம் அவர்களுக்கு மற்றவர்களைப்போல் 129 மடங்கு இருந்தது. பல்லைக் கடித்து நிறுத்தியவனை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புவது எத்தனை பெரிய ஆபத்து என்று மேடையில் யாரும் சொல்வதில்லை.

ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர் தரும் மெத்தடோனும் புப்ரினார்ஃபினும் “ஒரு போதைக்கு இன்னொரு போதை” என்பவர்களுக்கு ஒரே பதில்: அவை உயிரைக் காக்கின்றன.

வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியதும் விட்டுவிட்டார்களே என்பார்கள். அவர்கள் போர்க்களத்தை விட்டே வந்துவிட்டார்கள். நம் பையன் அதே தெருவுக்கு, அதே நண்பர்களிடம், அதே சண்டை நடக்கும் வீட்டுக்கு அல்லவா திரும்புகிறான்?

என் உண்மையான கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. மீண்டும் வழுக்குகிறவன் எந்தக் கணத்தில் வழுக்குகிறான்? அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் குடிகாரர்கள், புகைப்பவர்கள், ஹெராயின் பழகியவர்கள் எனப் பலரிடம் அந்தக் கணத்தை விசாரித்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழுக்கல்கள் கோபம், சோர்வு, பதற்றம், சலிப்பு போன்ற மனநிலைகளில் நடந்திருந்தன. ஜூடித் கார்டனுடன் 1985-இல் கொண்டுவந்த நூலில் இன்னொன்றையும் விளக்கினார். ஒருமுறை தவறியவன், “நான் உறுதியற்றவன், இனி உருப்படமாட்டேன்” என்று முடிவுகட்டினால் குற்ற உணர்ச்சி அவனை அரிக்கிறது. அந்த அரிப்பைத் தணிக்க அவன் அறிந்த மருந்து ஒன்றுதான். ஒரு ஊசி பத்து ஊசியாவது அப்படித்தான். “உறுதி இருந்தால் போதும்” என்பதை நூறு முறை கேட்டவன் தவறும்போது, உறுதி இல்லாததால் தவறினேன் என்றுதானே நினைப்பான்? அந்த நினைப்பை அவன் தலைக்குள் வைத்தது இந்த வாசகம். மருந்து விற்றவனை விடமாட்டோம் என்கிறோம். அவமானத்தை விற்பவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம்.

“பேசிப் பேசிப் போதை போகுமா?” என்று கேட்பவர்கள் நடத்தைச் சிகிச்சை நடப்பதைப் பார்த்ததில்லை. அது நீச்சல் பழகுவதுபோல் உடம்பால் பழகவேண்டியது. உளவியலாளர் மார்ஷா லினஹன் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நோயாளிகளுக்காக உருவாக்கி, பின்பு ஹெராயினில் சிக்கிய பெண்களுக்கும் கொண்டுபோன முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி கொந்தளிக்கும்போது மூச்சைப் பிடித்து முகத்தை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தச் சொல்வார்கள்; இதயத் துடிப்பு குறையும். உள்ளே எரிவது கோபமா, வெட்கமா, பயமா என்று பெயர் வைக்கப் பழக்குவார்கள். வெட்கத்தில் ஒளிந்துகொள்ளத் தோன்றினால் எழுந்துபோய் ஒரு மனிதரோடு பேசச் சொல்வார்கள். ஊசி வேண்டும் என்ற தவிப்பும் அலைபோல் எழுந்து விழும் என்பதை, அதை எதிர்க்காமலும் அதற்குப் பணியாமலும் கவனித்துக் கற்கும் பயிற்சி மார்லட் தந்தது. ஆய்வாளர் எரிக் கார்லண்டின் குழு, தீராத வலிக்கு ஓபியாய்டு எடுத்து அதைத் தவறாகப் பயன்படுத்திய 250 பேரிடம் இப்படி மனத்தைக் கவனிக்கப் பழக்கும் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைச் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களில் 45 சதவீதம் பேர் தவறான பயன்பாட்டை விட்டிருந்தார்கள். சாதாரண ஆதரவுக் குழுவில் இருந்தவர்களில் 24 சதவீதம்.

தவறிவிட்டு வருகிறவனிடம் நாம் “ஏன்டா இப்படிப் பண்ணினே?” என்று கத்துகிறோம். சிகிச்சையாளர் ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு முந்தைய நாளை மணிக்கணக்காகப் பிரித்துக் கேட்கிறார். காலையில் சாப்பிட்டாயா? ராத்திரி தூங்கினாயா? சாயங்காலம் அந்த போன் வந்ததும் முதலில் உடம்பில் எங்கே இறுகியது?